அவர் கேட்ட திங்கட்கிழமை

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாயில் போலீஸ் இலாகாவில் ஸ்டெனோவாக வேலை பார்த்தேன். சீருடை கிடையாது. வெள்ளைச் சட்டை, டெரிலின் பேண்ட், சட்டைப் பையில் இரண்டு பென்சில். மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் பாங்கிலோ ரயில்வேயிலோ இருந்தார்கள். நான் போலீஸ் ஆபீஸில் இருப்பது தெரிந்ததும் புதிதாக வந்தவர்கள் பேச்சைச் சற்று அளந்து பேசுவார்கள். அப்புறம் சைக்கிள் தொலைந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

நான் செய்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த இலாகா எப்படி அமைந்திருந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெருவில் நிற்பவர் கான்ஸ்டபிள். நீலச் சட்டை, நீல அரைக்கால் சட்டை, மஞ்சள் தொப்பி. அவருக்கு மேல் ஹவல்தார், அவருக்கு மேல் சப் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் முழுவதற்கும் பொறுப்பு இன்ஸ்பெக்டர். சில ஸ்டேஷன்களைச் சேர்த்து ஒரு டிவிஷன். அதற்கு ஒரு சூப்பரிண்டெண்டென்ட். நான் அப்படி ஒருவருடைய ஸ்டெனோ. அவருக்கு மேல் டெபுடி கமிஷனர், எல்லோருக்கும் மேல் கமிஷனர். போக்குவரத்து, துப்பறியும் பிரிவு, ஆயுதப் படை எல்லாம் தனித்தனியாக இயங்கின. அவர்களோடு எங்களுக்கு அதிகம் பேச்சு இல்லை.

உத்தரவு மேலிருந்து கீழே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். விஷயம் கீழிருந்து மேலே போகும் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கான்ஸ்டபிள் சொன்னதை ஹவல்தார் நம்புவார், ஹவல்தார் சொன்னதை சப் இன்ஸ்பெக்டர் எழுதுவார், எழுதியதன் கீழே இன்ஸ்பெக்டர் ஒப்பமிடுவார். டெபுடி கமிஷனர் கையெழுத்துப் போடும்போது சம்பந்தப்பட்ட ஆளை அவர் பார்த்தே இருக்க மாட்டார். தாளைப் பார்ப்பார். எங்கள் டிவிஷனில் அந்தத் தாளை டைப் அடித்தவன் நான்.

‘தடிபார்’ என்று ஓர் உத்தரவு உண்டு. ஒருவருக்குப் பயந்து அக்கம்பக்கத்தார் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல மறுக்கிறார்கள் என்று இலாகா கருதினால், அவரை இரண்டு வருஷம் வரை நகர எல்லைக்கு வெளியே அனுப்பிவிடலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுப் புகாரைப் பொதுவாகச் சொல்லி, அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். தனக்காகப் பேச ஆட்களை அழைத்து வருகிறேன் என்றால் அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். கேட்பவர் சூப்பரிண்டெண்டென்ட். அவருடைய அறிக்கையை வைத்து டெபுடி கமிஷனர் முடிவு செய்வார்.

எங்கள் சூப்பரிண்டெண்டென்ட் ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷமே இருந்த மராட்டியர். விசாரணைக்கு வருபவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்வார். தொப்பியைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். அவரை நான் குறை சொல்ல இடமே இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. தாராவியிலிருந்து ஒருவர் தடிபார் விசாரணைக்கு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. ஆவாரம் பட்டைச் சாறு ஊறி ஊறி அவர் நகங்கள் பழுப்பேறியிருந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அவருக்கு இந்தி தெரியும், ஆனால் அதிகாரி முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக மொழிபெயர்க்கும் தமிழ்க் கான்ஸ்டபிள் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். உனக்குத் தமிழ் தெரியுமே, நீயே கேட்டுச் சொல்லு என்றார் சூப்பரிண்டெண்டென்ட். நான் நோட்டுப் புத்தகத்தோடு நடுவில் உட்கார்ந்தேன்.

எனக்கு அன்று வேறு ஓர் அவசரம் இருந்தது. மாதுங்காவில் ஒரே அறையில் நான், என் மனைவி, என் இரண்டு தம்பிகள், எங்கள் கைக்குழந்தை ஆகியோர் இருந்தோம். செம்பூர் காலனியில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாகிறது என்று தகவல் வந்திருந்தது. காலி செய்கிறவர் சாவியோடு ஆறரை வரை காத்திருப்பார். நான் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

அவர் விவரமாகச் சொன்னார். அவர்கள் சந்தில் பொதுக் குழாயை ஒட்டிச் சிலர் மண்ணுக்கடியில் பீப்பாய் புதைத்துச் சாராயத்துக்கு ஊறல் போட்டிருந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போகும் பெண்களுக்குத் தொந்தரவு. இவர் தட்டிக் கேட்டிருக்கிறார். ஒரு முறை கைகலப்பாகி ஒருவனை அடித்தும் இருக்கிறார். அதை அவர் மறைக்கவில்லை. ஒரு அடி அடிச்சேன், அது உண்மதான் என்றார். அதற்குப் பிறகுதான், இவருக்குப் பயந்து சந்தில் யாரும் வாய் திறப்பதில்லை என்று சிலர் பெயர் வெளியே வராமல் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். அது யார் என்று அவருக்குச் சந்தேகம் இல்லை.

இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன், ஆனால் சுருக்கிச் சுருக்கிச் சொன்னேன். அவர் பத்து வாக்கியம் பேசினால் என் வாயிலிருந்து இரண்டு வந்தது. ‘அடித்தேன்’ என்பது மட்டும் சுருங்காமல் முழுசாகப் போனது.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“அய்யா, எனக்காவ ரெண்டு பேரு வந்து பேசுவாங்க. பள்ளிக்கொடத்து வாத்தியாரு ஒருத்தரு, எங்க ஷெட்டு மேஸ்திரி ஒருத்தரு. இன்னைக்கு அவுகளுக்கு லீவு கெடைக்கல. திங்கக்கெழம கூட்டிட்டு வரட்டுமான்னு சாப்கிட்ட கேளுங்க.”

என்ன சொல்கிறார் என்று சூப்பரிண்டெண்டென்ட் கேட்டார். மணி ஐந்து இருபத்தைந்து. திங்கட்கிழமை என்றால் மறுபடியும் நான்தான் உட்கார வேண்டும். இப்படித் தவணை கேட்டுவிட்டு வராமல் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. இவையெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள். அந்த நிமிஷத்தில் என் மனதில் இருந்தது குர்லா பிளாட்பாரம் மட்டும்தான்.

வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார் என்றேன்.

சாட்சி யாராவது உண்டா என்று சூப்பரிண்டெண்டென்ட் விதிப்படி கேட்டார்.

இல்லை என்றேன்.

வாக்குமூலத்தின் கடைசி வரியாக, சாட்சி யாரையும் விசாரிக்க விரும்பவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். விசாரணைக்கு வந்தவர் அதன் கீழே தமிழில், எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

“திங்கக்கெழம?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சொல்லி அனுப்புவா. நீ போகலாம்,” என்றேன்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை நான் நீ என்று சொன்னது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

ஆறு இருபதுக்குச் செம்பூரில் இருந்தேன். சாவி கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே என் மனைவி வந்து பார்த்தாள். சமையலறைக்குள்ளேயே குழாய் இருந்ததை நம்ப முடியாமல் இரண்டு மூன்று தடவை திறந்து மூடினாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் வராந்தாவில் மூன்று பேர் நிற்கிறார்கள். அவர், குடையும் வேட்டியுமாக ஒரு வாத்தியார், தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர். சொல்லி அனுப்பாமலேயே வந்துவிட்டார்கள். சூப்பரிண்டெண்டென்ட் தன் அறையில்தான் இருந்தார். அவருடைய அறிக்கையை நான் இன்னும் டைப் அடிக்கவில்லை. அந்த ஃபைல் என் மேஜையில், என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

உள்ளே போய், அவர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும், எல்லாம் நேராகியிருக்கும். அவர் கோபப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவருக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. அதில் ஒரு கீறல் விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. நான் வெளியே போய், ஃபைல் மேலே போய்விட்டது, இனி இங்கே ஒன்றும் செய்வதற்கில்லை என்றேன்.

எழுதிக் கொடுக்கலாமா என்று வாத்தியார் நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். அவசியமில்லை என்றேன். மூவரும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டு நின்றார்கள். போகும்போது தோல் ஷெட்டுக்காரர் என்னிடம் வந்து கை கூப்பினார்.

“ஒங்களுக்குச் செரமம் குடுத்துட்டோம் அய்யா.”

வெள்ளிக்கிழமை செய்ததை அவசரம் என்று சொல்லிக்கொள்ள முடியும். திங்கட்கிழமை செய்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து அந்த அறிக்கையை டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு வருஷம். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போய் ரயில் ஏற்றினார்கள். ஒரு தகரப் பெட்டி மட்டும் வைத்திருந்தாராம். ஊருக்குப் போனால் வேலை கிடையாது என்பதால் பூனாவில் இறங்கி ஒரு தோல் மண்டியில் மூட்டை தூக்கப் போய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது. உத்தரவை எதிர்த்து அரசாங்கத்துக்கு மனுப் போட முப்பது நாள் அவகாசம் உண்டு. அது உத்தரவிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லப் பூனாவில் அவரைச் சுற்றி யாரும் இல்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

நாங்கள் செம்பூரில் குடியேறினோம். வேலை வழக்கம்போல நடந்தது. நான் சரியாகத் தூங்கினேன், சாப்பிட்டேன். யாராவது தமிழில் வாக்குமூலம் கொடுக்க வந்தால் மட்டும் தலைவலி என்று சொல்லி நழுவிவிடுவேன்.

பத்து மாதம் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து வந்த காகிதக் கட்டுக்குள் ஒரு தாள் இருந்தது. தடிபார் செய்யப்பட்ட ஒருவர் அனுமதியில்லாமல் நகருக்குள் வந்து, தாராவியில் தன் வீட்டில் பிடிபட்டார். மாஜிஸ்திரேட் மூன்று மாதம் சிறை விதித்திருக்கிறார். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்க வந்தேன் என்று சொன்னதாக ஹவல்தார் எழுதியிருந்தார். அவரேதான். அந்த வெள்ளிக்கிழமை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் மனைவி மாசமாகிச் சில வாரமே ஆகியிருக்க வேண்டும்.

வந்த தாளை எண் போட்டு அடுக்குவது என் வேலை. எண் போட்டேன், அடுக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சமையலறை வாசலில் நின்று முழுவதும் கேட்டாள். நான் முடித்ததும் ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியைக் காட்டினாள்.

“இதுக்காகவா?”

நான் தலையாட்டினேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, நாளைக்கே போய்ச் சொல்லிடுங்கோ, இல்லேன்னா இந்த ஆத்துல என்னால இருக்க முடியாது என்றாள்.

மறுநாள் காலை சூப்பரிண்டெண்டென்ட் வந்து தொப்பியைக் கழற்றி வைத்ததும் உள்ளே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார். நான் முடித்த பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, போன வருஷத்து மேஜை டைரியை எடுத்தார். அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பல் டாக்டர் என்று ஒரே ஒரு வரி இருந்தது. மற்றபடி பக்கம் காலியாக இருந்தது.

“காலை முழுதும் சும்மா இருந்திருக்கிறேன்,” என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ சொன்னதை நான் நம்பினேன், நான் எழுதியதை மேலே நம்பினார்கள், இப்போது ஒவ்வொருவரும் தான் நம்பியது தப்பு என்று எழுத வேண்டும், அதை யாரும் சீக்கிரம் எழுத மாட்டார்கள் என்று சொன்னார். என்னுடைய வாக்குமூலத்தை என்னையே டைப் அடிக்கச் சொன்னார். தன் அறிக்கையில், இந்தப் பிழைக்கு மேற்பார்வை செய்ய வேண்டிய தானும் பொறுப்பு என்று எழுதினார். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு மனிதனை வெளியேற்ற ஒரு மாதம் எடுத்துக்கொண்ட ஃபைல் அவனைத் திரும்பக் கூப்பிட நாலு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. வாத்தியாரும் மேஸ்திரியும் மறுபடி வந்து சாட்சி சொன்னார்கள். இந்த முறை தமிழ்க் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே வாத்தியாரின் குரல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. மீதி இருந்த மாதங்களுக்கு உத்தரவு ரத்தானது. ஆனால் அதற்குள் அவர் மூன்று மாதச் சிறையையும் அனுபவித்து முடித்து மறுபடி பூனாவுக்குப் போயிருந்தார்.

எனக்குப் பணிப் புத்தகத்தில் கண்டனம் எழுதினார்கள். ஸ்டெனோ வேலையிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டார்கள். வேலையே போய்விடும் என்று பயந்திருந்தேன். போகவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சு லேசானது. லேசானதே என்று பிறகு வெட்கப்பட்டேன்.

அவர் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். அதுவரை அந்தப் பக்கமாக ரயிலில் போயிருக்கிறேனே தவிர உள்ளே கால் வைத்ததில்லை. விசாரித்து விசாரித்துத்தான் போக முடிந்தது. ஒரே அறை. வாசலில் அவர் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவர் மனைவி ஒரு ஓரமாக அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு நீங்கள் திங்கட்கிழமை கேட்டீர்களே என்று ஆரம்பித்தேன். அவரே பேச்சைத் தொடர்ந்தார்.

“ஒங்களுக்கு எங்க பேச்சு வெளங்கலபோலன்னு நெனச்சேன் அய்யா. மாதுங்காக்காரவுகளுக்கு நாங்க பேசுதது கொஞ்சம் செரமந்தான. பூனாவுல இருக்கையில அதத்தான் நெனச்சுக்கிடுவேன். நாந்தான் நிறுத்தி, ஒழுங்காச் சொல்லியிருக்கணும்னு.”

பூனாவிலும் சிறையிலும் அவர் குறை சொன்னது தன்னைத்தான்.

“எனக்குப் புரிஞ்சுது,” என்றேன். “நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. நான்தான் சொல்லலை.”

அவர் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“திங்கக்கெழமயும்?”

“திங்கட்கிழமையும். ஃபைல் மேலே போகலை. என் மேஜைலதான் இருந்தது. இப்போ எல்லாத்தையும் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன்.”

ஏன் என்று அவர் கேட்பார், செம்பூர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தயாராக வந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அரிசி களைகிற சத்தம் நின்றிருந்தது. அவர் மனைவி ஈரக் கையோடு எழுந்து என்னை நேராகப் பார்த்தாள்.

“புள்ள பொறக்கையில இவரு இங்க இல்ல. பாக்க வந்தாருன்னு புடிச்சிட்டுப் போனாங்க. அதயும் ஒங்க தாளுல எழுதிட்டீங்களா?”

எழுதவில்லை. என் வாக்குமூலத்தில் தேதியும் நேரமும் கேள்வியும் பதிலும் இருந்தன. அவள் சொன்னது எதுவும் அதில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் அவளைத் தடுக்கவில்லை.

நான் எழுந்ததும் சந்து முனைவரை கூடவே வந்தார். அங்கே சாக்கடையின் மேல் ஒரு பலகை கிடந்தது. வரும்போது அதில் தடுமாறித்தான் வந்திருந்தேன். அவர் பலகையின் ஒரு முனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“பாத்துப் போங்க, ஆடும்,” என்றார்.

நான் தாண்டியதும் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன், கிங்ஸ் சர்க்கிள் மார்க்கெட்டில், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தார். கூட நாலைந்து வயதுப் பெண் குழந்தை இருந்தது. அவரும் என்னைப் பார்த்தார். தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். போய்ப் பேச வேண்டும் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். குழந்தை அவர் கையை இழுத்தது, அவர் அதனோடு நடந்துவிட்டார். நான் கூட்டத்தில் நின்றபடியே, நல்ல வேளை என்று நினைத்தேன். அப்படி நினைத்தவனும் நான்தான்.